பழைய புரோட்டோன் வீரா காரைச் செம்மண்ணுக்குத் தயார் செய்தல்: கையில் இருக்கும் காசுக்குள் ரேலிகிராஸ் சஸ்பென்ஷன்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்மண் சாலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி அழுத்திய இரட்டைத் தடம், நடுவில் புல் மேடு, மழை அறுத்த குறுக்கு வாய்க்கால், வெயில் நாளில் மேலே உருளும் சரளை. அந்த மண்ணில் காரை அடக்கி ஓட்டுவதுதான் ரேலிகிராஸ். 1967இல் இங்கிலாந்தின் லிடன் ஹில்லில் தொடங்கியபோது அது பாதி தார், பாதி மண் கொண்ட குட்டிச் சுற்றுப்பாதையில் பல கார்கள் ஒன்றாகப் புறப்படும் பந்தயம். அமெரிக்காவில் அதே பெயரில் எளிய வடிவம் ஒன்று உண்டு: திடலில் கூம்பு வைத்துப் பாதை போட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் ஓடி, நேரத்தை அளப்பார்கள். புதியவர்களுக்கு இந்த இரண்டாவது வடிவத்தையே சொல்வேன். இடிபட இன்னொரு கார் இல்லை, செலவும் குறைவு.

நம் மலேசியாவுக்கு மண் பந்தயம் புதிதும் இல்லை. கரம்ஜிட் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றார். அந்தக் கார் டர்போவும் நான்கு சக்கர இழுவையும் கொண்டது. நம்மிடம் இருப்பது முன்சக்கர இழுவை கொண்ட பழைய வீராவோ சத்ரியாவோ. ஆனாலும் மேடு பள்ளத்தில் சக்கரம் மண்ணை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்ற தேவை இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான் சொல்ல வருவதன் சாரம் இது: சக்கரம் மேலும் கீழும் போக இடம் கொடுங்கள். மண்ணில் வேகம் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. காரைத் தாழ்த்தி, கல் மாதிரி விறைப்பாக்கி, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வரும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் காருக்கு ஒரு கடையில் குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். தார்ச்சாலையில் அழகாக நின்றது. தோட்டத்துப் பாதையில் மூன்றாவது சுற்றிலேயே, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பர் அடிமட்டம் இடித்து, மேலே இருந்த மவுண்டிங் ரப்பர் கிழிந்து, தண்டு பானெட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தது. ஸ்பிரிங்குக்குக் கொடுத்த காசில் ஒரு ஜோடி நல்ல அப்சார்பரே வாங்கியிருக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஓட்டும் இடம் பொதுச் சாலை இல்லை. தோட்டத்துப் பாதையும் தனியார் நிலம்தான்; குலை லோரியும், வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் அதே பாதையில்தான் வருவார்கள். நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இரண்டு முனையையும் அடைத்து ஆள் நிறுத்துங்கள், ஹெல்மெட் போடுங்கள். போட்டியாகவே நடத்த நினைத்தால், மோட்டார் விளையாட்டுக்கான தேசிய அமைப்பான எம்ஏஎம்மின் விதிமுறைகளைப் பார்த்த பிறகு தேதி குறியுங்கள். அதே கார் சாலையிலும் ஓடுமென்றால், உயரத்தையோ ஸ்பிரிங்கையோ மாற்றும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காசு முதலில் எங்கே போக வேண்டும்

கையில் 1,500 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றாகப் பிரிப்பேன். ஒரு பங்கு மூட்டுகளுக்கு, ஒரு பங்கு அப்சார்பருக்கு, மீதிப் பங்கு டயருக்கும் சில்லறைச் சாமானுக்கும். ஸ்பிரிங்குக்குத் தனிப் பங்கே கிடையாது. அதன் காரணம் பின்னால் வரும்.

மூட்டு என்று நான் சொல்வது லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர்), பால் ஜாயிண்ட் (ஆர்ம் சக்கரத்தோடு சேரும் குண்டு மூட்டு), டை ராட் எண்ட், ரேக் எண்ட் (இரண்டும் ஸ்டியரிங் மூட்டுகள்), அப்சார்பர் மவுண்டிங், வீல் பேரிங் எல்லாவற்றையும். இருபது முப்பது வயதான காரில் இவற்றில் பாதி தளர்ந்திருக்கும். புஷ் தளர்ந்த காரில் அலைன்மெண்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிப்படுத்தும் வேலை, செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். பிரேக்கை மிதித்ததும் சக்கரம் தன் விருப்பத்துக்குத் திரும்பும்.

சோதிப்பது எளிது. காரை ஜாக்கில் தூக்கி, கண்டிப்பாக ஜாக் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். புஷ்ஷைப் பார்க்க ஒரு நீளக் கம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்புங்கள். ரப்பர் வெடித்திருந்தால் கண்ணுக்கே தெரியும். இவற்றையெல்லாம் புதிதாகவே வாங்குங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும் பால் ஜாயிண்டை மட்டும் தொடாதீர்கள். அது கழன்றால் சக்கரம் ஆர்மை விட்டுப் பிரிந்து, ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

புதிய புஷ் போட்டதும் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சில போர்மன்களும் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கார் தூக்கியிருக்கும்போதே, சக்கரம் தொங்கும் நிலையிலேயே, ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். ஆகவே போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, காரைத் தரையில் இறக்கி, இரண்டு தரம் அழுத்தி விட்டு, அந்த உயரத்தில்தான் முழு இறுக்கம் கொடுக்க வேண்டும்.

உர மூட்டையை வைத்து ஸ்பிரிங்கை அளப்பது

உங்கள் கார் இப்போது எவ்வளவு மென்மை, எவ்வளவு விறைப்பு என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். அளக்க இயந்திரம் வேண்டாம். தோட்டத்து ஊரில் 50 கிலோ உர மூட்டைக்கா பஞ்சம்? அதுவே நமக்கு எடைக்கல்.

சமமான சிமெண்ட் தரையில் காரை நிறுத்துங்கள். ஒரு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் அழுத்தி விடுங்கள். மூட்டுகளில் பிடித்திருக்கும் இறுக்கம் விடுபடட்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் இரண்டு மூட்டையைப் பின் சக்கர அச்சுக்கு நேர் மேலே வருமாறு ஏற்றுங்கள். பூட்டின் கடைசியில் போட்டால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிவிடும். மறுபடி காரை அழுத்தி விட்டு, மறுபடி அளங்கள்.

100 கிலோ இரண்டு சக்கரத்துக்கு, அப்படியானால் ஒன்றுக்கு 50 கிலோ. கார் 25 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், 50ஐ 25ஆல் வகுத்து, சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்பு. முன்பக்கத்துக்குப் பானெட்டைத் திறந்து, அப்சார்பரின் மேல்முனை பூட்டியிருக்கும் இரண்டு கோபுரத்துக்கும் குறுக்கே கனமான பலகையை எஞ்சினில் படாதபடி கட்டை வைத்துப் போட்டு, அதன்மேல் மூட்டைகளை வையுங்கள். இந்த முறையில் எனக்குப் பிடித்தது, ஸ்பிரிங்கைத் தனியாக அளக்காமல் சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பையே நேராகக் காட்டுகிறது. ஆர்மின் நீளம், கோணம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறாக இறங்கினால் அங்கேயும் ஒரு செய்தி இருக்கிறது: ஒரு ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது யாரோ ஜோடி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது எவ்வளவு விறைப்பு வேண்டும்? முதல் காருக்கு, கம்பெனி போட்ட விறைப்பே போதும். மிஞ்சினால் கால் பங்கு கூட்டலாம். அதற்கு மேல் போனால் சரளையில் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரம் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை. ஸ்பிரிங்குக்குத் தனிப் பங்கு ஒதுக்காததற்கு இதுதான் காரணம்.

சோர்ந்த ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஈப்போ பக்கம், பழைய காரை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடைகளில் தேடலாம். போகும்போது வெர்னியர் காலிப்பர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் அகலமும் சுற்று எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் பருமன், அதுவும் நான்காம் அடுக்கில். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் கம்பி என்றால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விறைப்போ ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடுகிறது. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்பிரிங்கை வெட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் ஏறும், உண்மைதான். ஆனால் கார் தாழ்ந்துவிடும், நமக்கு வேண்டியதோ உயரம். கேஸ் வைத்து வெட்டினால் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் கெட்டு, பிறகு அங்கேயே முறியும். மண் ஓட்டத்துக்கு வெட்டாதீர்கள், அவ்வளவுதான்.

அப்சார்பர்

காசைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. மேடு ஏறி இறங்கிய பிறகு அது ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவது அப்சார்பர். மண்ணில் அது ஓயாமல் வேலை செய்கிறது, அதனால் உள்ளே எண்ணெய் கொதிக்கக் கொதிக்கச் சூடாகி நுரைக்கிறது. நுரைத்த எண்ணெயில் பிடிப்பு இல்லை. கேஸ் அடைத்த வகையில் அந்த அழுத்தம் நுரையைக் குறைக்கும். ஆகவே விலையில் கொஞ்சம் வித்தியாசம் என்றாலும் முன்பக்கத்துக்குப் புதிய கேஸ் அப்சார்பர் வாங்குங்கள். பின்பக்கத்துக்குக் காசு போதவில்லையா, பழையதிலேயே நல்லதைத் தேடலாம். எண்ணெய் கசிவு இருக்கக்கூடாது, தண்டில் துருவோ கீறலோ இருக்கக்கூடாது, நிறுத்தி வைத்து அழுத்தினால் முழு நீளத்துக்கும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் எங்கேயாவது வெறுமையாக வழுக்கிப் போனால் வைத்துவிட்டு வாருங்கள். வெளியே பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் ரீகாண்ட் (பழையதைப் புதுப்பித்த) அப்சார்பரை நான் முன்பக்கத்துக்கு வாங்கவே மாட்டேன். உள்ளே என்ன செய்தார்கள் என்று பார்க்க வழியில்லை.

இரட்டைக் குழாய் வகையைப் பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுசாக அழுத்தி இழுங்கள். கடையில் படுக்க வைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும். தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப்பைத் தூக்கி எறியாதீர்கள். அது நைந்திருந்தால் புதிது போடுங்கள். பெரிய குழியில் இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அந்தச் சின்ன நுரைக்கட்டைதான்.

உயரம்

மூட்டையில்லாமல் அளந்த உயரத்துக்கு மேல் 20 மில்லிமீட்டர் தூக்கினால் போதும். மலிவான வழி, அப்சார்பர் மவுண்டிங்குக்கும் கோபுரத்துக்கும் நடுவே அலுமினிய ஸ்பேசர் வைப்பது. லேத் பட்டறையில் மவுண்டிங்கைக் கொண்டுபோய்க் காட்டினால் செய்து தருவார்கள். போல்ட் நீளம் போதுமா என்று கட்டாயம் பாருங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று புரியாவது தெரிய வேண்டும்.

20க்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், ஸ்பேசர் அப்சார்பரை நீளமாக்கவில்லை, மொத்தத்தையும் கீழே தள்ளுகிறது. காரைத் தூக்கினால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும், டிரைவ் ஷாஃப்ட்டும் பால் ஜாயிண்டும் கூடுதல் கோணத்தில் மடங்கும். ஸ்பேசர் போட்டதும் சக்கரம் தொங்கும் நிலையில் கையால் சுற்றுங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் சுற்றுங்கள். கடகடவென்றோ பிடித்துக்கொண்டோ சுற்றினால் மெல்லிய ஸ்பேசருக்கு இறங்குங்கள்.

அடுத்த சோதனைக்கு ஸ்பிரிங் இல்லாமல் அப்சார்பரை மட்டும் பூட்டி, சக்கரத்தை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை மேலே தூக்குங்கள். ஃபெண்டரில், பிரேக் குழாயில், உள் சுவரில் டயர் எங்கே உரசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் நிலை, தரையில் நிற்கும் நிலை, முழுசாக மேலே போன நிலை மூன்றையும் குறித்தால் உங்கள் சக்கரத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழேயும் இரண்டு பங்கு மேலேயும் இருந்தால் நல்ல தொடக்கம்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. கம்ப்ரெஸ்ஸர் இரண்டு பக்கமும் மாட்டி ஸ்பிரிங் தட்டை விட்டு விலகியதைக் கண்ணால் பார்க்கும்வரை நடு நட்டைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் தாடையை உடைக்கும். இந்த வேலையில் நம்பிக்கை இல்லாவிட்டால் இதை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். நட்டை விட்டால் ஆபத்து, காசை விட்டால் பரவாயில்லை.

நூலும் தூக்குக்குண்டும்

அலைன்மெண்ட் கடைக்குப் போகாமலே தொடக்க அளவை வைக்கலாம். காரின் இரு பக்கமும் சக்கர நடு உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக, காரின் நடுக்கோட்டுக்குச் சம தூரத்தில் நூல் கட்டுங்கள். ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு இருக்கும் தூரத்தை அளங்கள். முன்சக்கரத்தில் முன் விளிம்பு நூலுக்கு ஒரு மில்லிமீட்டர் அருகில் இருந்தால் அது லேசான டோ அவுட், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விலகி நிற்பது. வளைவில் மூக்கு சுறுசுறுப்பாகத் திரும்பும். பின்சக்கரம் இரண்டும் நேராக இருக்கட்டும்.

கேம்பருக்கு, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்துக்கு, கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 380 மில்லிமீட்டர் என்றால், மேல் விளிம்பு 6.6 மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருப்பது ஒரு டிகிரி. முன்பக்கத்தில் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை உள்சாய்வு மண்ணுக்குப் போதும். இரு பக்கமும் சமமாக இருப்பது அளவைவிட முக்கியம்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிறிய ரிம், உயரமான பக்கச் சுவர், ஆழமான வெட்டு. பெரிய ரிம்மில் மெல்லிய டயர் போட்டால் முதல் கல்லிலேயே ரிம் வளையும். காற்றை முன்னே 28, பின்னே 30 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருத்துவது

அப்சார்பர் தண்டில், தூசி உறைக்கு அடியில், ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி அடியில் தள்ளி வையுங்கள். ஓடி முடித்துப் பார்த்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அது நின்ற இடம் சொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் பம்ப் ஸ்டாப் வரை போயிருந்தால் கார் தாழ்வு அல்லது மென்மை. பாதி தூரம்கூடப் போகவில்லை என்றால் விறைப்பு அதிகம். சுற்றில் ஆகப் பெரிய குழியில் மட்டும் ஒரு முறை தொட்டிருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

முன்சக்கர இழுவைக் காரில் வரும் முதல் புகார், வளைவில் மூக்கு வெளியே தள்ளுவது. அதற்கு நான் செய்யும் வரிசை இது. முதலில் பின் டயரில் 2 பிஎஸ்ஐ கூட்டுவேன். போதாவிட்டால், முன்சக்கரம் இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் இரண்டையும் கழற்றிவிடுவேன். இரண்டு முன்சக்கரமும் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியாக மேடு ஏறும், உள்பக்கச் சக்கரத்துக்கு இழுவை திரும்பும். காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய மாற்றம் இது. கழற்றிய பிறகு கார் கூடுதலாகச் சாயும் என்பதால் மெதுவாகவே பழகுங்கள். சாலைக்குப் போகும் முன் திரும்பப் பூட்டுங்கள். மாறாக வால் அதிகம் வீசினால் பின் காற்றைக் குறையுங்கள், பின் அப்சார்பர் செத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒரு பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் தேதி, மண் ஈரமா காய்ந்ததா, காற்று அளவு, நேரம் நான்கையும் எழுதுங்கள். பேராக்கில் மாலை மழை வந்துவிட்டால் அதே பாதை வேறு பாதையாகிவிடும். காலையில் எடுத்த நேரத்தோடு மாலை நேரத்தை ஒப்பிட்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

முதல் ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் முன் ஸ்பேனரை எடுங்கள். கோபுர நட்டுகள், ஆர்ம் போல்ட்டுகள், சக்கர நட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிய சாமான் முதல் ஓட்டத்தில் உட்காரும்போது கொஞ்சம் தளரும். வீட்டில் தண்ணீர்க் குழாயை வைத்து ஸ்பிரிங் தட்டிலும் தூசி உறைக்குள்ளும் இருக்கும் செம்மண்ணை அன்றைக்கே கழுவிவிடுங்கள். காய்ந்த செம்மண் உப்புத்தாள் மாதிரி அப்சார்பர் தண்டின் சீலைத் தேய்த்துவிடும்.